அம்மாவின் மூக்குத்தி போன இடம்

(“நாம் போடும் குப்பை எங்கே போகிறது?” என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சி அரங்கில், ஈசூனில் வசிக்கும் குடும்பத்தலைவி ஒருவர் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரு கேள்வி கேட்டார். “சிங்கப்பூரில் குப்பை ஒரு பிரச்சினையா? நம் ஊரைப் போல் சுத்தமான ஊர் எங்கே இருக்கிறது?” என்றார். கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் பாதியைத்தான் சொன்னார். மீதிப் பாதியைச் சொல்வதற்கு, என் அம்மாவின் மூக்குத்தியைப் பற்றி நான் சொல்லவேண்டும்.

2021ஆம் ஆண்டு. அம்மாவுக்கு ஸ்கேன் எடுக்கவேண்டும் என்று மருத்துவமனையில் நாள் கொடுத்திருந்தார்கள். உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது என்றார்கள். முதல் நாள் ராத்திரியே அம்மா வளையல், தோடு எல்லாம் கழற்றிப் பெட்டியில் வைத்தார். மூக்குத்தி மட்டும் கழற்ற வரவில்லை. ஐம்பது வருஷத்துக்குப் பக்கமாக மூக்கிலேயே இருந்த பொருள் அல்லவா! எண்ணெய் போட்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மெதுவாகக் கழற்றி, ஒரு டிஷ்யூ தாளில் மடித்து வைத்தார்.

அந்த மூக்குத்தி, செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த என் அப்பா, தன் முதல் போனஸ் பணத்தில் சிராங்கூன் சாலையில் வாங்கிக் கொடுத்தது. அப்பா இப்போது இல்லை.

இரவு ஒன்பது மணிக்கு நான் மேசையைத் துடைத்தேன். டிஷ்யூ தாள்களையெல்லாம் அள்ளினேன். மீந்த சாதம், காய்கறித் தோல், அவ்வளவையும் ஒரே பையில் போட்டுக் கட்டினேன். எங்கள் வீடு பழைய வீவக வீடு. சமையலறைச் சுவரிலேயே குப்பைக் குழாயின் கதவு இருக்கும். கதவை இழுத்தேன், பையைத் தள்ளினேன். தடதடவென்று எட்டு மாடி இறங்கி, கீழே தொம்மென்று ஒரு சத்தம். கதவை மூடினேன், கையைக் கழுவினேன். அவ்வளவுதான் என் வேலை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

காலையில் அம்மா கேட்டார்: “ஏம்மா, மேசையில ஒரு டிஷ்யூ மடிச்சு வெச்சிருந்தேனே?”

நடுவர் ஐயா, அந்த நொடியில் என் வயிற்றில் என்ன நடந்தது என்று சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.

கீழே ஒரு தம்பி

மின்தூக்கிக்குக்கூடக் காத்திருக்காமல் படியில் ஓடினேன். புளோக்கின் கீழே குப்பை அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு துப்புரவு ஊழியர் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். தினமும் பார்க்கிற முகம். ஆனால் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி என்று அன்றைக்குத்தான் தெரியும்.

“என்ன அக்கா, இப்படிப் பதறி ஓடி வர்றீங்க?”

“தம்பி, ராத்திரி போட்ட பையில எங்கம்மாவோட மூக்குத்தி போயிடுச்சுப்பா. தொட்டியை ஒரு தடவை பார்க்கலாமா?”

“அடடா! லாரி வந்து எடுத்துக்கிட்டுப் போய் ஒரு மணி நேரம் ஆச்சே அக்கா.”

அப்படியும் அவர் சும்மா இருக்கவில்லை. அடியில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்று கையுறை போட்டுக்கொண்டு தொட்டியை இழுத்துச் சாய்த்தார். லாரி போன பிறகு மேலிருந்து விழுந்த பைகள் சில கிடந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்தார். நானும் குனிந்து பார்த்தேன்.

என்ன பார்த்தேன்? பிரிக்காத ரொட்டி பாக்கெட். பாதி தின்ற கோழிச் சோறு, பெட்டியோடு. தேக்காவில் கட்டுக்கட்டாக வாங்கி, குளிர்பதனப் பெட்டியில் வாடிப்போன கொத்தமல்லி. நல்ல நிலையில் இருந்த ஒரு பொம்மை. ஈரக் குழம்பில் ஊறிய செய்தித்தாள். உடைந்த கண்ணாடிக் குவளை ஒன்று, தாளில்கூடச் சுற்றாமல்.

“இதுதான் அக்கா பயமா இருக்கும்” என்று கையைக் காட்டினார். உள்ளங்கையில் ஒரு பழைய வெட்டுத் தழும்பு.

“எந்த வீட்டுல என்ன சமையல், எந்த வீட்டுல என்ன விசேஷம், எல்லாம் எனக்குத் தெரியும் அக்கா. தீபாவளி முடிஞ்ச வாரம் முறுக்கு டின்னோட வரும். பிரிச்சே இருக்க மாட்டாங்க” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூக்குத்தி கிடைக்கவில்லை. “எங்க பக்கத்துக் குப்பையெல்லாம் பெரும்பாலும் செனோக்கோவுக்குப் போகும் அக்கா. அங்க எரிச்சிடுவாங்க” என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒரு கேள்வி கேட்டார். “எரிச்சா? பொன்னு எரியாதேம்மா. அப்புறம் அது எங்க போகும்?”

இத்தனை வருஷம் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த எனக்குப் பதில் தெரியவில்லை. தேடித் தெரிந்துகொண்டேன். அதைத்தான் இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

எரியாலையில் என்ன நடக்கிறது?

1970களில் நம் அரசாங்கம் ஒன்றைப் புரிந்துகொண்டது. இந்தச் சின்னத் தீவில் குப்பையைக் கொட்டிக்கொண்டே போனால், மனிதர் இருக்க இடம் இருக்காது. அதனால் எரிக்க முடிவு செய்தார்கள். 1979ல் உலு பாண்டானில் முதல் பெரிய எரியாலை வந்தது. 1986ல் துவாஸ், 1992ல் எங்கள் ஈசூனுக்குப் பக்கத்தில் செனோக்கோ, 2000ல் துவாஸ் தெற்கு என்று அடுத்தடுத்து வந்தன.

லாரி உள்ளே போனதும் எடை போடுகிறார்கள். பிறகு பெரிய பள்ளம் போன்ற கிடங்கில் குப்பையைக் கொட்டுகிறார்கள். நாற்றம் வெளியே வராமல் இருக்க, அந்தக் கிடங்கின் காற்றழுத்தத்தைக் குறைவாக வைத்திருக்கிறார்கள். மேலிருந்து ஒரு ராட்சதக் கை குப்பையை அள்ளி உலையில் போடுகிறது. உலைக்குள் 850 முதல் 1,000 டிகிரி வரை வெப்பம். அந்த வெப்பத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, நீராவியால் மின்சாரம் எடுக்கிறார்கள். நாட்டுக்கு வேண்டிய மின்சாரத்தில் சுமார் 2 அல்லது 3 விழுக்காடு இப்படிக் கிடைக்கிறது. புகையை வடிகட்டி வெளியே விடுகிறார்கள். சாம்பலில் இருக்கும் இரும்பைக் காந்தம் வைத்துப் பொறுக்கி எடுக்கிறார்கள்.

இரும்பைத்தான் காந்தம் பிடிக்கும் ஐயா. பொன்னைப் பிடிக்காது. (சிரிப்பு)

எரித்தால் குப்பையின் கன அளவு பத்தில் ஒன்பது பங்கு குறைந்துவிடுகிறது. நல்ல காரியம்தான். நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பத்தில் ஒரு பங்கு? அந்தச் சாம்பல்?

சாம்பல் லாரியில் ஏறித் துவாஸ் கடலோரத்துக்குப் போகிறது. அங்கே மூடிபோட்ட பெரிய படகில் கொட்டி, இரவு நேரத்தில் இழுவைப் படகு இழுத்துக்கொண்டு போகிறது. நாம் தூங்கும் நேரத்தில் நம் குப்பைக்கு மூன்று மணி நேரக் கடற்பயணம். போய்ச் சேரும் இடம் செமக்காவ் தீவு.

கடலுக்கு நடுவே நம் முகவரி

செமக்காவ், சிங்கப்பூருக்குத் தெற்கே சுமார் 8 கிலோமீட்டரில் இருக்கிறது. அங்கே முன்பு மக்கள் வாழ்ந்தார்கள். பக்கத்திலிருந்த சாக்கெங் தீவில் மலாய் மீனவக் குடும்பங்கள் இருந்தன. அவர்களை வீவக வீடுகளுக்குக் குடிமாற்றி, இரண்டு தீவுகளுக்கும் இடையே கடலுக்குள் 7 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் அணை எழுப்பினார்கள். உள்ளே இருப்பது கடலில் கசியாமல் இருக்கக் களிமண்ணும் தடுப்பு விரிப்பும் போட்டார்கள். பரப்பளவு 350 ஹெக்டர். செலவு 610 மில்லியன் வெள்ளி. 1999 ஏப்ரல் 1ஆம் தேதி திறந்தார்கள். அதற்கு முதல் நாளோடு லோரோங் ஹாலுஸ் குப்பைமேடு மூடப்பட்டது. அன்றிலிருந்து இந்த நாட்டின் பெருநிலத்தில் குப்பைமேடு கிடையாது. நாட்டுக்கே இருப்பது அந்த ஒரே ஓர் இடம்தான்.

என் மகள் பள்ளியிலிருந்து ஒருமுறை அங்கே போய்வந்தாள். நாற்றம் இருக்கும் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு போனாளாம். நாற்றமே இல்லையாம். சதுப்புநில மரங்கள் இருக்கின்றன, பறவைகள் வருகின்றன, கரையோரத்தில் நட்சத்திர மீன்கூட இருக்கிறது என்றாள். அந்த அளவுக்குக் கவனமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். வந்ததும் வராததுமாகத் தன் பாட்டியிடம் ஓடிப்போய், “பாட்டி! உங்க மூக்குத்தி இருக்கிற ஊருக்குப் போயிட்டு வந்தேன்!” என்றாள்.

அம்மா சிரித்தார். பிறகு கேட்டார்: “அந்த ஊரு நிறைஞ்சு போச்சுன்னா?”

நடுவர் ஐயா, இந்த அரங்கத்தில் நான் கேட்க வந்த கேள்வியும் அதுதான். (கைதட்டல்)

செமக்காவ் 2045 வரை தாங்கும் என்று ஒரு காலத்தில் கணக்குப் போட்டார்கள். இப்போதைய கணக்கு 2035. நாம் போடுகிற வேகம், பத்து வருஷத்தைத் தின்றுவிட்டது. 2035 என்பது தூரத்தில் இல்லை. என் மகள் வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கும் காலம் அது.

ஏன் இப்படி ஆனது? ஒரு சின்னக் கணக்கு. 1970ல் சிங்கப்பூரில் ஒரு நாளுக்கு அப்புறப்படுத்திய குப்பை சுமார் 1,300 டன். அண்மை ஆண்டுகளில் 8,000 டன்னுக்கும் மேல். ஆறு மடங்கு. சரி, மக்கள்தொகையும் கூடியதே என்பீர்கள். 1970ல் 20 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டியிருந்தோம், 2024ல் 60 லட்சம். அது மூன்று மடங்குதான். மீதி எங்கிருந்து வந்தது? ஒவ்வொருவரும் நம் அப்பா அம்மா போட்டதைப் போல் இரண்டு மடங்கு போடுகிறோம். அதிலிருந்து வந்தது.

மற்ற ஊர்களில்

“நம்மிடம் பணம் இருக்கிறது, தொழில்நுட்பம் இருக்கிறது. இன்னொரு தீவு கட்டிக்கொள்ளலாமே” என்று சிலர் நினைக்கலாம். சாம்பலுக்கு இடம் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஓர் உண்மைக் கதை சொல்கிறேன்.

1986ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்துக்கு இதே பிரச்சினை. எரியாலைச் சாம்பலைக் கொட்ட இடம் இல்லை. சுமார் 14,000 டன் சாம்பலை ‘கியான் சீ’ என்ற கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். பஹாமாஸ் வேண்டாம் என்றது. ஒவ்வொரு நாடாக விரட்டின. கடைசியில் ஹைட்டி நாட்டில், உரம் என்று பொய் சொல்லி, ஏறக்குறைய 4,000 டன்னைக் கடற்கரையில் கொட்டிவிட்டு ஓடினார்கள். கப்பலின் பெயரை மாற்றி மாற்றி உலகம் சுற்றினார்கள். மீதிச் சாம்பலை நடுக்கடலில் கொட்டியது பிறகு நீதிமன்றத்தில் வெளிவந்தது. ஹைட்டியில் கிடந்ததை அள்ளித் திரும்பவும் அமெரிக்காவுக்கே கொண்டுபோய்ப் புதைத்தார்கள். அது நடந்தது 2002ல். ஒரு நகரத்துச் சாம்பல் வீடு திரும்பப் பதினாறு வருஷம்!

இப்படிப்பட்ட அநியாயங்களால்தான் 1989ல் பாசல் ஒப்பந்தம் என்று ஒன்றை உலக நாடுகள் செய்துகொண்டன. அபாயமான கழிவை அடுத்த நாட்டின் தலையில் நினைத்தபடி கட்டக்கூடாது என்று சொல்லும் ஒப்பந்தம் அது.

எரிக்கவும் வசதியில்லாத ஊர்களின் கதை இன்னும் வேதனை. இலங்கையில் கொழும்புக்குப் பக்கத்தில் மீத்தோட்டமுல்ல. 2017 ஏப்ரல் 14ஆம் தேதி. நம் புத்தாண்டு நாள். வீடுகளில் எல்லோரும் கூடியிருந்த நேரத்தில் குப்பை மலை சரிந்து விழுந்தது. 32 உயிர்கள் போயின. நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் சேதமாயின. அந்தக் குப்பை அங்கே வாழ்ந்தவர்கள் மட்டும் போட்டதல்ல. ஒரு தலைநகரமே போட்டது.

சென்னையில் பெருங்குடிக் குப்பைமேடு பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் மேலேயே வளர்ந்தது. 2022 ஏப்ரலில் அது தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்ததை நம்மில் பலர் செய்தியில் பார்த்தோம். நம் சொந்தக்காரர்கள் அந்தப் புகையைச் சுவாசித்தார்கள்.

உலக வங்கி 2018ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2016ல் உலக நகரங்களில் சேர்ந்த குப்பை சுமார் 201 கோடி டன். இப்படியே போனால் 2050ல் 340 கோடி டன்னாகும். அதில் மூன்றில் ஒரு பங்காவது சரியான முறையில் அப்புறப்படுத்தப்படவில்லை என்றும் அந்த அறிக்கை சொல்கிறது. அதோடு ஒப்பிட்டால் நாம் கொடுத்து வைத்தவர்கள். அதனால்தான் நமக்கு மறதியும் அதிகம். மீத்தோட்டமுல்லவில் குப்பை கண்ணுக்கு எதிரே நின்றது. நமக்கு அது குழாய்க்குள் போய் மறைந்துவிடுகிறது.

நீலத் தொட்டியில் போட்டால் போதுமா?

இன்னொரு சகோதரி பேசும்போது, “நான் எல்லாவற்றையும் மறுபயனீட்டுத் தொட்டியில் போட்டுவிடுகிறேன், என் மனசாட்சி சுத்தம்” என்றார். அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

2001ல் தேசிய மறுபயனீட்டுத் திட்டம் தொடங்கியது. 2014லிருந்து வீவக புளோக் ஒவ்வொன்றுக்கும் ஒரு நீலத் தொட்டி இருக்கிறது. ஆனால் வீட்டுக் குப்பையில் மறுபயனீடு ஆனது 2018ல் 22 விழுக்காடு. 2023ல் 12 விழுக்காடு. தொட்டி இருக்கிறது, விழுக்காடு இறங்குகிறது! நீலத் தொட்டியில் விழுவதில் சுமார் 40 விழுக்காடு பயன்படாத பொருள். சாப்பாட்டு மிச்சம், நுரைப்பெட்டி, ஈரத் துணி. பாதி குழம்போடு ஒரு பெட்டியை உள்ளே போட்டால், அது கீழே இருக்கும் நல்ல அட்டையையும் தாளையும் சேர்த்துக் கெடுத்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் ஒழுங்காகக் கழுவிக் காயவைத்துப் போட்டதும் அதோடு உலைக்குப் போகும்.

நன்கொடை கொடுத்துவிட்டோம் என்றும் நிம்மதியாக இருக்க முடியாது. பழைய விளையாட்டுக் காலணிகளைக் கொடுத்தால் அரைத்து ஓடுபாதைக்கும் விளையாட்டு இடங்களுக்கும் தரை போடுவோம் என்று ஒரு திட்டம் இங்கே இருந்தது. ராய்ட்டர்ஸ் செய்தியாளர்கள் 11 சோடிக் காலணிகளுக்குள் இருப்பிடம் காட்டும் கருவியை மறைத்து வைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2023ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு சோடிகூடத் தரையாக மாறவில்லை. பெரும்பாலானவை பழைய பொருள் ஏற்றுமதி செய்பவரிடம் போயின. சில சோடிகளை இந்தோனேசியச் சந்தைகளில் விற்பனைக்குக் கண்டுபிடித்தார்கள். கொடுத்தவர்கள் எல்லோரும் நல்ல மனதோடு கொடுத்தவர்கள்தான். ஆனால் போட்ட பிறகு அது எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை.

நம் அம்மாக்கள் காலத்தில் காராங்கூனிக்காரர் வீட்டு வாசலுக்கே வருவார். ஹாரன் சத்தம் கேட்டதும் பழைய செய்தித்தாளைக் கட்டி எடுத்துக்கொண்டு ஓடுவோம். அவர் எடை போட்டு, பேரம் பேசி, சில்லறை கொடுப்பார். ஈரத் தாளைக் கொடுத்தால் வாங்குவாரா? திட்டுவார்! அந்தத் திட்டுக்குப் பயந்து நாம் ஒழுங்காகப் பிரித்து வைத்தோம். நீலத் தொட்டி திட்டாது. அதனால் நமக்குக் குளிர்விட்டுப் போய்விட்டது. (சிரிப்பு, கைதட்டல்)

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2030க்குள் ஒவ்வொருவரின் கணக்கிலும் செமக்காவுக்குப் போகும் குப்பையை 30 விழுக்காடு குறைக்கவேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு. பானப் புட்டிக்கும் டின்னுக்கும் 10 காசு முன்பணம் வாங்கி, காலியானதைத் திருப்பிக் கொடுத்தால் காசையும் திருப்பிக் கொடுக்கும் திட்டத்துக்கு 2026 ஏப்ரல் 1 என்று நாள் குறித்தார்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று தொடங்கினார்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் எந்த அமைச்சராலும் என் சமையலறைக்கு வந்து, “இந்த ரொட்டியைப் போடாதே” என்று என் கையைப் பிடிக்க முடியாது.

பைக்குள் என்ன இருக்கிறது?

மூக்குத்தி போன பிறகு, அம்மாவுக்கு ஒரு பழக்கம் வந்தது. குப்பைப் பையைக் கட்டுவதற்கு முன் ஒருமுறை திறந்து பார்ப்பார். வேறு ஏதாவது போய்விடுமோ என்ற பயம். “போனது போச்சு, இன்னும் எதைத் தேடறீங்க?” என்று நான்கூட எரிச்சல்பட்டிருக்கிறேன். ஆனால் பார்த்தவர் பேசாமல் இருப்பாரா? “ஏம்மா, இந்த ரொட்டி நேத்துதானே வாங்கினே?” “இந்தச் சாதம் என்ன கெட்டா போச்சு?” “இவ்வளவு கறிவேப்பிலை எதுக்கு வாங்கினே?” தினமும் விசாரணைக் கமிஷன்!

கடைசியில் ஒரு வாரம் நாங்களே ஒரு தாளைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி, பையில் என்னென்ன போகிறது என்று எழுதினோம். ஏழு நாளில் மூன்று தடவை ரொட்டி. ஐந்து தடவை சாதம். உணவங்காடியில் பொட்டலம் கட்டி வாங்கிய பெட்டிகள் பதினான்கு. கொத்தமல்லி, கறிவேப்பிலை, புதினா, மூன்றும் கட்டோடு. எனக்கே வெட்கமாக இருந்தது.

2019ல் சிங்கப்பூரில் உணவுக் கழிவு மட்டும் 744,000 டன். நாட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் பங்கு போட்டால் தினமும் 350 கிராமுக்கு மேல் வருகிறது. ஓட்டல், கடை, ஆலை எல்லாம் சேர்ந்த கணக்குதான். ஆனால் எங்கள் தாளில் இருந்தது எங்கள் கணக்கு. அதற்கு நான் யாரைக் கைகாட்டுவேன்?

பெரிய புரட்சி எதுவும் செய்யவில்லை. ரொட்டி சின்ன பாக்கெட்டாக வாங்குகிறோம். அரிசி அரை டம்ளர் குறைத்துப் போடுகிறோம். கொத்தமல்லியைப் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவோடு பங்கு போட்டுக்கொள்கிறோம். பொட்டலம் வாங்கப் போனால் அம்மாவின் பழைய டிபன் கேரியரை எடுத்துப் போகிறேன். முதலில் கடைக்காரர் சிரித்தார், இப்போது ஒரு கரண்டி குழம்பு கூடவே ஊற்றுகிறார். புட்டியையும் டின்னையும் கழுவிக் கவிழ்த்துக் காயவைத்துத்தான் நீலத் தொட்டிக்குக் கொண்டு போகிறோம். கண்ணாடி உடைந்தால் தடித்த தாளில் சுற்றி, மேலே எழுதி ஒட்டுகிறோம். அது அந்தப் புதுக்கோட்டைத் தம்பியின் உள்ளங்கைக்காக.

முன்பு தினம் ஒரு பை. இப்போது மூன்று நாளுக்கு ஒரு பை.

“ஒரு வீட்டில் குறைத்தால் தீவு நிறையாமல் நின்றுவிடுமா?” என்று கேட்பீர்கள். நிற்காது. கடைகளும் ஓட்டல்களும் கட்டுமானத் தளங்களும் குறைக்கவேண்டும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நமக்கென்று பெரிய பங்கு இருக்கும் இடங்கள் இருக்கின்றன. நம் கல்யாண விருந்துகள். நம் பிறந்தநாள் கொண்டாட்டங்கள். எங்கள் ஈசூன் புனிதமரம் பாலசுப்பிரமணியர் ஆலயத்தில் பங்குனி உத்திரத்துக்கு எத்தனை பேர் கூடுகிறார்கள்! அன்னதானம் புண்ணியம். தட்டில் வாங்கியதைப் பாதி வைத்துவிட்டு எழுந்திருப்பதில் என்ன புண்ணியம்? “கொஞ்சமாப் போடுங்க, வேணும்னா கேட்டு வாங்கிக்கிறேன்” என்று சொல்ல ஒரு நொடிதான் ஆகும். இதற்குச் சட்டமும் வேண்டாம், தொழில்நுட்பமும் வேண்டாம்.

அந்தக் காலத்தில் சிங்கப்பூர் நகராட்சியின் துப்புரவு வேலையில் நம் தென்னிந்தியத் தொழிலாளர்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். இந்த ஊர் சுத்தமானதில் அவர்கள் முதுகும் வளைந்திருக்கிறது. இன்றைக்கும் தமிழ்நாட்டிலிருந்தும் பங்ளாதேஷிலிருந்தும் வந்த பிள்ளைகள் அந்த வேலையைச் செய்கிறார்கள். நாம் குழாய்க் கதவை மூடும்போது வேலை முடிந்துவிடுவதில்லை. அங்கேதான் இன்னொருவருக்கு வேலை தொடங்குகிறது. அவரை அண்ணன் என்றோ தம்பி என்றோ கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசுங்கள். உங்கள் வீட்டுக் குப்பையைப் பற்றி உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

நேரம் முடிந்ததாக மணி அடிக்கிறது. ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன்.

சென்ற தீபாவளிக்கு அம்மாவுக்குப் புது மூக்குத்தி வாங்கித் தருகிறேன் என்று தேக்காவுக்குக் கூட்டிப் போனேன். கடையில் எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு வேண்டாம் என்றுவிட்டார். “உங்கப்பா வாங்கினது தொலைஞ்சு போகலையேம்மா. அது இருக்கிற இடம்தான் நமக்குத் தெரியுமே” என்றார்.

ஆமாம் ஐயா, தெரியும். அப்பா வாங்கிய பொன் செமக்காவில் இருக்கிறது. அதன் மேல் நான் வீசிய ரொட்டியின் சாம்பலும், பெட்டிகளின் சாம்பலும், உங்கள் எல்லோர் வீட்டுச் சாம்பலும் இருக்கிறது. அந்தத் தீவில் இன்னும் கொஞ்சம்தான் இடம் மிச்சம். அதை நம் பிள்ளைகளுக்கு விட்டுவைப்போம். இன்று இரவு பையைக் கட்டுவதற்கு முன், என் அம்மா மாதிரி, ஒருமுறை திறந்து பாருங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

(கைதட்டல்)